சார்ட்டரில் அடிக்கடி அடைப்பு, பாதி செல் காணாமல் போகிறது: கோர் லேபுக்கு மாதிரியை எப்படித் தயார் செய்வது?

கேள்வி கேட்பவர்: திசுக்கரைசல்

வணக்கம். எலி ட்யூமரிலிருந்து சிடி8 டி-செல்களை (ஒரு வகை நோயெதிர்ப்பு செல்) பிரித்து ஆர்என்ஏ வரிசைப்படுத்தலுக்கு அனுப்ப வேண்டும். சார்ட்டர் (செல்களை லேசரில் பார்த்துத் துளித்துளியாகப் பிரிக்கும் இயந்திரம்) எங்களுடையது அல்ல. பல குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் ஃப்ளோ சைட்டோமெட்ரி கோர் லேபில், ஆபரேட்டர் துணையோடு, மூன்று மணி நேர ஸ்லாட்டில் ஓட்டுகிறோம். இதுவரை நான்கு ஸ்லாட் போயிற்று. நான்கிலும் ஒரே கதை.

இப்போதைய முறை:

ட்யூமர் 0.5 முதல் 0.8 கிராம். பொடியாக நறுக்கி, ஆர்பிஎம்ஐ-யில் கொலாஜினேஸ் 4 (மி.லி.க்கு 1 மி.கி.), 37 டிகிரியில் 60 நிமிடம். 70 மைக்ரோமீட்டர் வலையில் வடிகட்டல். சிவப்பணுக்களை உடைக்க ஏசிகே பஃபரில் 5 நிமிடம். ஐஸில் 30 நிமிடம் ஆன்டிபாடி. கடைசியில் பிபிஎஸ் + 2% எஃப்பிஎஸ்-இல் மி.லி.க்கு 2 கோடி செல், மொத்தம் 1 மி.லி. உயிருள்ளவை 60% அளவு. மொத்தத்தில் சிடி45 (வெள்ளணுக்களின் அடையாளப் புரதம்) உள்ளவை சுமார் 10%, சிடி8 சுமார் 1%.

சார்ட்டரில் 70 மைக்ரோமீட்டர் நாசில் (ஸ்ட்ரீம் வெளிவரும் துவாரம்), 70 பிஎஸ்ஐ அழுத்தம், ப்யூரிட்டி மோட் (தூய்மைக்கு முன்னுரிமை), நொடிக்கு 12,000 ஈவன்ட் (லேசரில் பதிவாகும் ஒவ்வொன்றும்).

நடப்பது: 10-15 நிமிடத்தில் ஸ்ட்ரீம் சாய்கிறது, பிறகு அடைப்பு. அபார்ட் (இயந்திரம் சேகரிக்காமல் விலக்கியவை) 40% வரை ஏறுகிறது. திரையில் 1 லட்சம் செல் என்று காட்டும். குழாயை எடுத்து எண்ணினால் 40,000 தேறுவதே அபூர்வம். பயோஅனலைசர் நானோ சிப்பில் ஆர்ஐஎன் (ஆர்என்ஏ சிதையாமல் இருப்பதைக் காட்டும் எண், 10-க்கு) 5-6. போதாக்குறைக்கு, டிடெக்டருக்கு அதே வோல்டேஜ் போட்டாலும் சிடி8-இன் எம்எஃப்ஐ (ஒளிர்வு அளவு) ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கிறது.

நாசிலை மாற்றச் சொல்வதா, வேகத்தைக் குறைக்கச் சொல்வதா, மாதிரியில்தான் கோளாறா? முன்கூட்டி எதைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்?

---

பதில் 1: துளிக்கணக்கு

மாதிரியில்தான். உங்கள் எண்களே அதைச் சொல்கின்றன, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

70 மைக்ரோமீட்டர் நாசில், 70 பிஎஸ்ஐ என்றால் நொடிக்கு ஏறக்குறைய 90,000 துளி. 12,000 ஈவன்ட் என்றால் ஒரு துளிக்குச் சராசரி 0.13. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக வந்தால், வேண்டிய செல் இருக்கும் துளியில் இன்னொன்றும் இருக்க வாய்ப்பு 12-13%. ப்யூரிட்டி மோடில் பக்கத்துத் துளிகளின் ஓரத்தையும் இயந்திரம் பார்க்கும். அதற்காக இரண்டு துளி அகலம் என்று தாராளமாக வைத்தாலும் 23%. உங்களுக்கு 40% வருகிறது. மிச்சம் வேகத்தால் வருவதல்ல, திரள்களால் வருவது. வேகத்தைப் பாதியாக்கினாலும் அந்தப் பங்கு அப்படியே நிற்கும்.

திரளுக்குக் காரணம் உடைந்த செல்களிலிருந்து கசிந்த டிஎன்ஏ. ஒரு மணி நேரம் கொலாஜினேஸ், டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை வெட்டும் நொதி) ஒரு துளி கூட இல்லை, 40% இறந்த செல். அந்த டிஎன்ஏ இழைகள் உயிருள்ள செல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். குழாயைச் சாய்த்தால் மூக்குச்சளி மாதிரி ஒரு இழை நகர்கிறதா? அதுதான். அதைப் பிப்பெட்டால் மேலும் கீழும் அடித்துப் பிரிக்கப் போகாதீர்கள். இன்னும் செல் உடையும், இழை இன்னும் கெட்டியாகும்.

மாற்ற வேண்டியவை:

1. கொலாஜினேஸோடு டிஎன்ஏஸ் 1-ஐ மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் சேருங்கள். 60 நிமிடத்தை 30 ஆக்குங்கள். 20-ஆம் நிமிடத்தில் ஒரு துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். துண்டு கரையாவிட்டால் நேரத்தைக் கூட்டாமல் இன்னும் பொடியாக நறுக்குங்கள், மெதுவாக ஆட்டுங்கள். இந்தக் கட்டத்தில் இடிடிஏ (கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துவைக்கும் பொருள்) கூடாது, கொலாஜினேஸுக்குக் கால்சியம் வேண்டும்.

2. குளிர்ந்த மீடியம் + 10% எஃப்பிஎஸ் ஊற்றி நிறுத்தி, 70 மைக்ரோமீட்டர் வலையில் வடித்து, 400 ஜி-யில் 5 நிமிடம், 4 டிகிரி.

3. ஏசிகே 2 நிமிடம் போதும். 5 நிமிடம் என்பது நொந்துபோன செல்லுக்கு அதிகம். பெல்லெட்டில் சிவப்பே இல்லையென்றால் இந்தப் படியை விட்டுவிடலாம்.

4. வண்ணமேற்றுவதற்கு முன் இன்னொரு முறை டிஎன்ஏஸ்: அதே 100 மைக்ரோகிராம், 5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு உள்ள பஃபரில், அறை வெப்பநிலையில் 15 நிமிடம். பிறகு கழுவுங்கள்.

5. கடைசி பஃபர்: கால்சியம், மெக்னீசியம் இல்லாத பிபிஎஸ், 1% பிஎஸ்ஏ, 2 மில்லிமோலார் இடிடிஏ, 25 மில்லிமோலார் ஹெபெஸ், பிஎச் 7.2 அளவில். அழுத்தத்தில் பிபிஎஸ் மட்டும் பிஎச்-ஐச் சரியாகத் தாங்காது, அதற்குத்தான் ஹெபெஸ். எஃப்பிஎஸ்தான் வேண்டுமென்றால் டயலைஸ் செய்ததை வாங்குங்கள். சாதாரண எஃப்பிஎஸ்-இலேயே கால்சியம் இருக்கிறது, செல்லை ஒட்டவைக்கும்.

நான்காவது படிக்கும் ஐந்தாவது படிக்கும் வரிசை மாறவே கூடாது. இடிடிஏ மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், டிஎன்ஏஸ் முடங்கிவிடும். இரண்டையும் ஒரே பஃபரில் ஊற்றிவிட்டு "டிஎன்ஏஸ் போட்டும் திரள்கிறதே" என்று தலையைச் சொறிவது இந்தத் துறையில் ரொம்பப் பழைய வழக்கம்.

6. சார்ட்டரில் ஏற்றுவதற்குச் சற்று முன், கோர் லேபிலேயே, 35 மைக்ரோமீட்டர் வலைமூடிக் குழாயில் வடிகட்டுங்கள். வலையை முதலில் பஃபரில் நனைத்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் முன்பே வடித்து எடுத்துக்கொண்டு வந்தால் வழியில் மறுபடி திரண்டிருக்கும்.

நாசில் விஷயம். செல்லின் விட்டம் நாசில் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அளவு. டி-செல் 7 மைக்ரோமீட்டர், தூண்டப்பட்டது 10-12. 70 நாசிலுக்கு எல்லை 14. டி-செல்லுக்குப் பொருத்தம்தான். ஆனால் குழாயில் அது 1% தானே இருக்கிறது? 15-20 மைக்ரோமீட்டர் ட்யூமர் செல்களும் அதே துவாரத்தின் வழியாகத்தான் போக வேண்டும். உங்களுக்கு வேண்டிய செல்லைப் பார்த்து நாசிலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, குழாயில் உள்ளவற்றில் பெரியது எதுவோ அதைப் பார்த்து. 100 மைக்ரோமீட்டர், 20 பிஎஸ்ஐ கேளுங்கள். செறிவை மி.லி.க்கு 50 லட்சம் முதல் 1 கோடிக்குள் வையுங்கள்.

---

பதில் 2: ஷீத்தொட்டி

துளிக்கணக்கு சொன்ன டிஎன்ஏஸ், இடிடிஏ எல்லாம் சரிங்க. ஆனா 100 நாசிலுக்குப் போங்கன்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்லை. அதுல நொடிக்கு சுமார் 30,000 துளிதான். துளி எண்ணிக்கையில நாலுல ஒரு பங்கு வரைக்கும் ஓட்டலாம்னு பேருக்குச் சொல்லுவாங்க, ஆனா 7,500-ல ஓட்டினா துளிக்கு 0.25; ஒரு துளி அகலத்துக்கே 22% போயிடும். நல்ல விளைச்சல் வேணும்னா 3,000-க்கு மேல போகக் கூடாது. 2 கோடி செல்லை நொடிக்கு 3,000-ன்னு ஓட்டினா 6,600 நொடி சொச்சம், கிட்டத்தட்ட 1 மணி 50 நிமிஷம். மூணு மணி நேர ஸ்லாட்ல இயந்திரத்தைத் தயார் பண்ணி, காம்பன்சேஷன் (நிறங்களோட கலப்பைத் திருத்துறது) ஓட்டி, கடைசியில சுத்தம் பண்ணி... எங்க நேரம் இருக்கு? அதுவரைக்கும் கடைசிச் செல்லு ஐஸ்ல கெடந்து செத்துடும். ரெண்டு தடவ வடிகட்டிட்டு 70-லயே ஓட்டுங்க, இல்லன்னா நடுவுல 85 மைக்ரோமீட்டர், 45 பிஎஸ்ஐ. அதுல 47,000 துளி வரும், 5,000 ஈவன்ட் தாராளமா ஓட்டலாம்.

இன்னொண்ணு: குப்பை ஜாஸ்தியா தெரியுதுன்னு எஃப்எஸ்சி த்ரெஷோல்டை (எவ்வளவு பெருசா இருந்தா ஈவன்ட்னு எடுக்கணும்ங்கிற எல்லை) ஏத்திடாதீங்க. ஏத்தினா திரை சுத்தமாத் தெரியும், ஈவன்ட் எண்ணிக்கை இறங்கும், அபார்ட்டும் குறையும். ஆனா த்ரெஷோல்டுக்குக் கீழ போனதை இயந்திரம் பார்க்கவே பார்க்காது. பார்க்காததை விலக்கவும் முடியாது. வேண்டிய செல்லோட அதுவும் சேர்ந்து குழாய்ல விழும்.

---

பதில் 3: காந்தநிரல்

இருவர் சொல்வதும் சரி, அதனால்தான் இரண்டு வழியும் முட்டுகிறது. 70 போட்டால் அடைக்கும், 100 போட்டால் நேரம் போதாது. காரணம் ஒன்றே: குழாயில் 99% வேண்டாத செல். அதை சார்ட்டருக்கு முன்பே கழித்துவிடுங்கள்.

உங்கள் மாதிரியில் சிடி45 10% என்கிறீர்கள். காந்த மணிகளால் சிடி45-ஐப் பிடித்தால் 2 கோடி 20 லட்சமாகும். மாசும் சேர்ந்து 30 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். 100 நாசிலில் நொடிக்கு 3,000 ஓட்டினாலும் 17 நிமிடத்தில் முடிந்துவிடும். ஷீத்தொட்டியின் 1 மணி 50 நிமிடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய ட்யூமர் செல்கள் பெரும்பாலும் கழிந்துவிடுவதால் 85-லும் ஓட்டலாம்.

கவனிக்க வேண்டியவை சில. இறந்த செல் மணியையும் ஆன்டிபாடியையும் கண்டபடி இழுத்துக்கொள்ளும். 40% இறந்திருந்தால் முதலில் டெட் செல் ரிமூவல் நிரல் (இறந்த செல்லைக் காந்தத்தால் பிடித்துவைக்கும் குழல்), பிறகு சிடி45. ஆனால் டெட் செல் கிட்டின் பைண்டிங் பஃபருக்குக் கால்சியம் வேண்டும், அந்தப் படியில் இடிடிஏ ஆகாது. சிடி45 நிரலுக்கு மாறும்போது இடிடிஏ உள்ள பஃபர். பஃபரில் காற்றுக்குமிழி இருந்தால் நிரலே அடைத்துக்கொள்ளும், ஆகவே வாயு நீக்கி எடுத்துக்கொள்ளுங்கள். நிரலுக்கு முன் 30-40 மைக்ரோமீட்டர் வடிகட்டல் கட்டாயம்.

மணியின் அளவு முக்கியம். 50 நானோமீட்டர் அளவிலான மணிகள் செல்லோடு ஒட்டியிருந்தாலும் சார்ட்டருக்குத் தொல்லையில்லை. 2.8 அல்லது 4.5 மைக்ரோமீட்டர் மணி என்றால் சார்ட்டுக்கு முன் கழற்றியாக வேண்டும். அடுத்தது, மணியில் உள்ள க்ளோனும் (ஆன்டிபாடியின் ரகம்) உங்கள் வண்ண ஆன்டிபாடியின் க்ளோனும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். ஒன்றாக இருந்தால் மணி இடத்தைப் பிடித்துவிட்டிருக்கும், நிறம் மங்கும். நேரடியாக சிடி8 மணியால் பிடிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம் வரும். சிடி45-ஐப் பிடித்து, சிடி8-ஐ சார்ட்டரிடம் விடுவது நிம்மதி.

நொதி பற்றி ஒரு வார்த்தை. யாராவது டிஸ்பேஸ் சேர்க்கச் சொன்னால் யோசியுங்கள், சிடி4, சிடி8 இரண்டையும் அது வெட்டக்கூடும். கொலாஜினேஸும் லாட்டுக்கு லாட் வேறுபடும். சோதிக்க எளிய வழி: மண்ணீரல் செல்லை இரண்டாகப் பிரித்து, ஒன்றை உங்கள் நொதிக் கலவையில் அதே நேரம் வைத்து, இரண்டுக்கும் சிடி8 வண்ணம் போட்டு ஒப்பிடுவது. எம்எஃப்ஐ இறங்கினால் குற்றவாளி நொதி.

---

திசுக்கரைசல்

நன்றி, இது பெரிய உதவி. சிடி45 நிரல் போட்டுவிடுகிறேன். திரையில் 1 லட்சம், குழாயில் 40,000 என்பதற்கும் திரள்தான் காரணமா? ஆர்என்ஏ எடுக்க இப்போது 1.5 மி.லி. குழாயில் 350 மைக்ரோலிட்டர் ஆர்எல்டி (செல்லை உடைத்து ஆர்என்ஏவைக் காக்கும் பஃபர்) வைத்து அதிலேயே நேரடியாக சார்ட் செய்கிறோம். எண்ணிப் பார்ப்பதற்கு மட்டும் தனியாக பிபிஎஸ்-இல் ஒரு குழாய்.

---

பதில் 4: துளிக்கணக்கு

திரையில் காட்டுவது செல் எண்ணிக்கையே அல்ல, மின்னூட்டம் கொடுத்துத் திருப்பிவிட முடிவெடுத்த எண்ணிக்கை. அந்தத் துளி குழாய்க்குள் விழுந்ததா, சுவரில் அடித்ததா, உள்ளே செல் இருந்ததா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. இங்க்ஜெட் அச்சுக்காக ரிச்சர்ட் ஸ்வீட் உருவாக்கிய துளி விலக்கும் நுட்பத்தைத்தான் மேக் ஃபுல்வைலர் 1965-இல் செல் பிரிக்க எடுத்துக்கொண்டார். அச்சில் மை தப்பினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், இங்கே தெரியாது. இயந்திரம் சொன்னதில் 50 முதல் 80% வரை கையில் கிடைப்பது வழக்கமே. 40% என்றால் ஏதோ நழுவுகிறது.

முதல் சந்தேகம் ட்ராப் டிலே. லேசர் செல்லைப் பார்க்கும் நொடிக்கும், அந்தச் செல் துளியாக உடையும் நொடிக்கும் இடைப்பட்ட காலம் அது. அடைப்பு வந்து நீக்கிய பிறகு துளி உடையும் இடம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். பழைய டிலேயோடு தொடர்ந்தால் முன்னாலோ பின்னாலோ உள்ள காலித் துளிக்கு மின்னூட்டம் போகும். திரையில் எண் ஏறிக்கொண்டே இருக்கும், குழாயில் வெறும் ஷீத் (செல்களைச் சுமந்து ஓடும் திரவம்). ஒவ்வொரு அடைப்புக்குப் பின்னும் ட்ராப் டிலேயை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், ஆக்யுட்ராப் எனும் ஒளிரும் நுண்மணிகளை ஓட்டினால் ஐந்து நிமிட வேலை. சந்தேகம் தீராவிட்டால் ஒரு ஸ்லைடில் 50 மணிகளை சார்ட் செய்து மைக்ரோஸ்கோப்பில் எண்ணுங்கள். 45-க்குக் கீழே இருந்தால் மாதிரியை ஏற்ற வேண்டாம்.

இரண்டாவது, பக்க ஸ்ட்ரீம் விசிறி மாதிரி விரிவது. துளிகள் குழாய்ச் சுவரில் பட்டு உலர்ந்துவிடும். குழாயைப் பாலிப்ரோப்பிலீனில் எடுங்கள், பாலிஸ்டைரீனில் செல்லும் ஒட்டும், நிலைமின்னும் சேரும். முந்தைய நாளே 1% பிஎஸ்ஏ ஊற்றிக் கவிழ்த்துவைத்து, உள்சுவர் முழுக்க நனையச் செய்யுங்கள். சார்ட் முடிந்ததும் மூடி, மெல்லச் சாய்த்து உருட்டி, சுவரில் உள்ளதைக் கழுவிச் சேருங்கள்.

ஆபரேட்டரிடம் அபார்ட் எண்ணைக் கேட்கும்போது எலக்ட்ரானிக் அபார்ட் எவ்வளவு, கான்ஃப்ளிக்ட் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். முதலாவது, இரண்டு ஈவன்ட் மிக நெருங்கி வந்து இயந்திரத்தால் பிரித்து அளக்க முடியாதது. இரண்டாவது, அளந்தபின் துளி முடிவில் விலக்கியது. முதலாவது ஏறினால் திரளையும் செறிவையும் பாருங்கள்.

---

பதில் 5: ஆர்என்ஏஸ்பகை

ஆர்எல்டி குழாய் பற்றி. துளி அளவு நாசிலைப் பொறுத்தது: 70-இல் சுமார் 1 நானோலிட்டர், 100-இல் 3 நானோலிட்டர். ஆக 1 லட்சம் செல் என்றால் 70-இல் 0.1 மி.லி., 100-இல் 0.3 மி.லி. ஷீத் சேரும். 100 மைக்ரோலிட்டர் மாதிரிக்கு 350 மைக்ரோலிட்டர் ஆர்எல்டி என்ற விகிதத்தைக் காப்பாற்றுங்கள். இதுவரை 70 நாசிலில் 350 போட்டது பொருந்தியது. இனி 100 நாசிலுக்கு மாறினால் அதே 350 போதாது, 1 லட்சம் செல்லுக்கு 1.05 மி.லி. வேண்டும். அதற்கு மேல் எத்தனால் அளவும் அதே விகிதத்தில் கூடும், ஆர்என்ஏ பிரிக்கும் நிரலில் பலமுறை ஊற்ற வேண்டிவரும். நாசிலை மாற்றிவிட்டு லைசிஸ் அளவை மறந்துவிடுவதுதான் அடுத்த ஸ்லாட்டில் உங்களுக்குக் காத்திருக்கும் குழி. 1.5 மி.லி. குழாயும் அதற்குச் சிறிது. 40,000 செல்லோடு குழாயை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது 5 மி.லி. குழாய்க்குப் போங்கள்.

பீட்டா-மெர்காப்டோஎத்தனால் சேர்த்த ஆர்எல்டியைப் பல கோர் லேப்கள் அனுமதிக்காது, நாற்றம் ஒருபுறம், நச்சு மறுபுறம். 1 மி.லி. ஆர்எல்டிக்கு 2 மோலார் டிடிடி 20 மைக்ரோலிட்டர் என்று மாற்றிக்கொள்ளலாம். ட்ரைசால் எல்எஸ் (ஃபீனால் உள்ள லைசிஸ் திரவம்) என்றால் மாதிரி 250, ட்ரைசால் 750 மைக்ரோலிட்டர். ஆனால் திறந்த குழாயில் ஃபீனால் ஆவி வரும், ஆபரேட்டரிடம் கேட்காமல் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.

இப்போது அந்த ஆர்ஐஎன். ஓய்வு நிலை டி-செல் ஒன்றில் மொத்த ஆர்என்ஏ 1 பிகோகிராம் அளவுதான். 40,000 செல் என்றால் இழப்பே இல்லாவிட்டாலும் 40 நானோகிராம். 14 மைக்ரோலிட்டரில் எடுத்தால் மைக்ரோலிட்டருக்கு 3 நானோகிராமுக்கும் கீழே. நானோ சிப் தரம் பார்க்கவே மைக்ரோலிட்டருக்கு 5 நானோகிராம் கேட்கும். ஆக உங்கள் 5-6 என்ற எண் ஆர்என்ஏ சிதைவைக் காட்டுகிறதா, சிப்பின் இயலாமையைக் காட்டுகிறதா என்று சொல்லவே முடியாது. மிகக் குறைந்த ஆர்என்ஏவுக்கான பிக்கோ சிப்பில் மறுபடி ஓட்டுங்கள், பிறகு பேசலாம்.

வரிசைப்படுத்தலில் ஃபாஸ், ஜுன் போன்ற ஜீன்கள் எகிறி நின்றால் அதை உயிரியல் கண்டுபிடிப்பு என்று எழுதிவிட வேண்டாம். 37 டிகிரியில் நொதியில் ஊறும்போதே அவை கிளம்பிவிடும். நேரத்தை 30 நிமிடமாக்குவது இதற்கும் நல்லது.

ஆர்எல்டியில் சார்ட் செய்யும்போது தூய்மையைத் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியாது அல்லவா? அதற்கு 500 செல்லை மட்டும் பஃபரில் தனியாக எடுத்து ஓட்டுங்கள். ஓட்டுமுன் மாதிரிக் குழலை ப்ளீச், பிறகு நீர் என்று கழுவி, வெறும் பஃபரை ஒரு நிமிடம் ஓட்டி ஈவன்ட் வரவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். இல்லையென்றால் குழலில் தங்கிய பழைய மாதிரி "மாசு" என்று கணக்கில் ஏறும்.

---

பதில் 6: ஷீத்தொட்டி

காந்தநிரல் சொன்னது சரிதான், 17 நிமிஷம்னா 100-க்கு ஆட்சேபம் இல்லை.

எம்எஃப்ஐ மாறுறதுல இயந்திரத்தோட பங்கை யாரும் தொடல, நான் சொல்றேன். வோல்டேஜை எழுதி வச்சுக்கிறதுல பிரயோஜனம் இல்லீங்க. லேசர் பவர், அலைன்மென்ட், நாசில் உக்காந்திருக்கிற விதம், எல்லாம் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். பகிர்ந்து ஓட்டுற இயந்திரத்துல உங்களுக்கு முன்னாடி வேற நாசில் போட்டு ஓட்டியிருப்பாங்க. எழுதி வைக்க வேண்டியது மணியோட இடம். எட்டு உச்சி ரெயின்போ மணியை (எட்டு ஒளிர்வு நிலை இருக்கிற நுண்மணிக் கலவை) உங்க செட்டிங்ல ஒரு தடவ ஓட்டி, ஒவ்வொரு டிடெக்டர்லயும் ஒரு குறிப்பிட்ட உச்சி எந்த எண்ணுல நிக்குதுன்னு குறிச்சுக்குங்க. அடுத்த தடவ அதே லாட் மணியை ஓட்டி, உச்சி அதே எண்ணுக்கு வர்ற வரைக்கும் வோல்டேஜைத் திருப்புங்க. 5% வித்தியாசத்துக்குள்ள வந்தா போதும். லேசரைப் போட்டு அரை மணி நேரமாவது ஆகியிருக்கணும்.

காம்பன்சேஷனை போன மாசத்து ஃபைல்ல இருந்து எடுக்காதீங்க, அன்னன்னைக்கு ஓட்டணும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஒற்றை வண்ணம், வண்ணமில்லாத செல், எல்லை மங்கலா இருக்கிற நிறத்துக்கு எஃப்எம்ஓ (அந்த ஒரு நிறத்தை மட்டும் விட்டு மத்ததெல்லாம் போட்டது). கன்ட்ரோல் மாதிரியை விட மங்கலா இருக்கக் கூடாது. பிஇ-சை7 மாதிரி டாண்டம் சாயத்துக்கு (ரெண்டு சாயம் இணைஞ்சது) அதே வயல்ல இருந்து எடுங்க. வெளிச்சத்துல வச்சா டாண்டம் உடைஞ்சு பிஇ-ல தெரியும், லாட்டுக்கு லாட்டும் மாறும். செல்லுல ஜிஎஃப்பி (பச்சையா ஒளிர்ற புரதம்) இருந்தா அதுக்குப் பதிலா ஃபிட்சி மணி வைக்கிற வேலை ஆகாது.

உயிர்ப்புச் சாயத்துக்கு கன்ட்ரோல் எப்படின்னா, கொஞ்சம் செல்லை 65 டிகிரில 5 நிமிஷம் வச்சு ஐஸ்ல போட்டு, உயிருள்ள செல்லோட சரிபாதி கலந்து வண்ணம் போடுங்க. அமீன்ல ஒட்டுற ஃபிக்ஸபிள் சாயம்னா புரதம் இல்லாத பிபிஎஸ்ல போடணும். எஃப்பிஎஸ் இருந்தா சாயத்தை அதுவே குடிச்சுடும். டாபி போதும்னா கடைசி நிமிஷத்துல கலந்துக்கலாம், கழுவ வேண்டாம்.

---

பதில் 7: காந்தநிரல்

கோர் லேபிடம் முன்கூட்டி என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். புக்கிங் படிவத்தில் "டி-செல் சார்ட், 3 மணி" என்று மட்டும் எழுதினால் ஆபரேட்டர் 70 நாசிலைப் போட்டுத் தயாராக வைத்திருப்பார், அது அவர் தவறல்ல. முந்தைய நாளே இவ்வளவும் போய்ச் சேரட்டும்: திசு எது, குழாயில் உள்ள மிகப்பெரிய செல் எவ்வளவு, மொத்த செல் எத்தனை, வேண்டிய செல் எத்தனை சதவீதம், எத்தனை வழியாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு நிறமும் எந்த லேசர் எந்த ஃபில்டர், எந்தக் குழாயில் எந்தத் திரவத்தில் சேகரிப்பு, மாதிரி எத்தனை மணிக்கு வரும். பழைய கேட்டிங் படம் ஒன்று இணைத்தால் அரை மணி நேரம் மிச்சம்.

லென்டிவைரஸ் தொட்ட செல், மனித மாதிரி, ஏதேனும் தொற்று இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அடைப்பு வரும் நேரத்தில்தான் ஸ்ட்ரீம் சாய்ந்து காற்றில் நுண்துளி அதிகம் பரவும். ஏரோசல் உறிஞ்சி ஓடி, அறைக் காற்று மாறும் வரை சார்ட் அறையின் கதவைத் திறக்கவே கூடாது. உங்கள் மாதிரி அடைத்தால் அடுத்த குழுவின் ஸ்லாட்டும் அதோடு போகிறது.

மூன்று மணி நேரத்தில் இயந்திரம் தொடங்கி ஸ்ட்ரீம் நிலைக்க 45 நிமிடம், காம்பன்சேஷன் 20, சுத்தம் 25 என்று கழித்துவிட்டால் உங்கள் கையில் ஒன்றரை மணி நேரம். அதில் பாதியை அடைப்புக்கு ஒதுக்கித் திட்டமிடுங்கள். மீதி நேரம் இருந்தால் இன்னொரு ட்யூமரை ஓட்டிக்கொள்ளலாம்.

நாசில், அழுத்தம், மோட், லேசர், ஃபில்டர், சாஃப்ட்வேர் பதிப்பு எல்லாவற்றையும் அன்றே குறித்துவாருங்கள். 2008-இல் வந்த மிஃப்ளோசைட் வரையறை (ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்குத் தர வேண்டிய குறைந்தபட்சத் தகவல்) கட்டுரையில் இவற்றைக் கேட்கிறது, ஆறு மாதம் கழித்து ஆபரேட்டரிடம் போய் நிற்க வேண்டாம். கோர் லேபுக்கு ஆர்ஆர்ஐடி எண் (ஆய்வு வளங்களுக்கான அடையாள எண்) இருந்தால் அதையும் வாங்கி நன்றியுரையில் போடுங்கள். பயன்பாட்டைக் காட்டித்தான் அவர்கள் அடுத்த இயந்திரத்துக்கு நிதி கேட்க முடியும்.

---

திசுக்கரைசல்

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: இரண்டு மாதிரியை ஆர்எல்டியில் அல்லாமல் உயிரோடு எடுத்து வளர்க்க வேண்டும். சார்ட்டுக்குப் பின் 300 ஜி, 5 நிமிடம் சுழற்றினால் பெல்லெட் கண்ணில் படுவதே இல்லை.

---

பதில் 8: துளிக்கணக்கு

படாது, 50,000 டி-செல்லின் பெல்லெட் யார் கண்ணுக்கும் தெரியாது. சேகரிப்புக் குழாயில் முதலிலேயே 20% எஃப்பிஎஸ் உள்ள மீடியம் 1 மி.லி. வையுங்கள், ஷீத் சேரச் சேர அது நீர்த்துப்போகும். சார்ட் முடிந்ததும் மீடியத்தால் நிரப்பி, 4 டிகிரியில், 400 முதல் 500 ஜி, 10 நிமிடம். ரோட்டர் ஸ்விங் பக்கெட்டாக இருக்க வேண்டும். ஃபிக்ஸட் ஆங்கிளில் செல் சுவர் நெடுக ஒட்டிக்கொள்ளும், மேல்நீரை எடுக்கும்போது அதுவும் கூடவே போய்விடும். குழாயின் அடியைத் தொடாமல் மேலிருந்து மெல்ல உறிஞ்சுங்கள், அடியில் 50-100 மைக்ரோலிட்டரை விட்டுவிடுங்கள். எடுத்த மேல்நீரைக் கொட்டாமல் வையுங்கள், எண்ணிக்கை குறைந்தால் அதைத்தான் முதலில் சுழற்றிப் பார்க்க வேண்டும்.